பெயர் தேவை: டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (வெள்ளிக்கிழமைக்குள்)

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் இதழின் விளையாட்டுச் சிறப்பிதழுக்குக் கட்டுரை மொழிபெயர்க்கிறேன். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்களுக்கு டிஜிட்டல் காலத்தில் என்ன எதிர்காலம் என்பது பொருள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம். ஒருவர் மட்டும் உலகத்தை நடத்துவார். “கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே யாரோ இருமுகிறார்கள், என்ன செய்கிறீர்கள்?” என்று அவர் கேட்க, மற்றவர்கள் வாயால் பதில் சொல்வார்கள். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொடங்கியது இது.

‘மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு’ என்று எழுதினேன். நடத்துகிறவருக்கு ‘நடத்துநர்’. என் மகள் படித்துவிட்டு, “மேசை, பாத்திரம்... சமையலறை விளையாட்டாம்மா?” என்றாள். கைகொடுங்கள்.

செ., கோவை

---

அன்புடையீர்,

மகள் கேட்டதில் தவறில்லை. பாத்திரம் வடசொல். மேசை போர்த்துகீசியம். மூன்று சொல்லில் விளையாட்டு ஒன்றுதான் நம்முடையது.

வேடம் என்ற சொல்லை வேஷத்தின் திரிபு என்று தள்ளிவிடாதீர்கள். வேய்தல் என்றால் மூடுதல், அணிதல். கூரை வேய்கிறோம் அல்லவா? வேய் > வேயம் > வேடம். முப்பது ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன். ஆகவே ‘பலகை வேடாட்டம்’ என்க.

மு., தஞ்சாவூர்

---

> வேய் > வேயம் > வேடம்

ஐயா, அப்படியானால் வேடன் எதை வேய்ந்தான்? சும்மா கேட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேசையைப் போர்த்துகீசியரிடம் திருப்பிக் கொடுத்தால் ஜன்னலும் அலமாரியும் கூடவே போகும். அலமாரியையாவது பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்றால் சாவியும் அவர்களுடையது.

என் கவலை வேறு. மேசையே இல்லையே! சனிக்கிழமை இரவு நாங்கள் ஆடுகிறோம்: நான் சென்னையில், இருவர் டொராண்டோவில், ஒருவர் சிங்கப்பூரில். எல்லாரும் உலாவியில்தான். இணையத்தில் கூடி ஆடுவதற்கான ரோல்20 தளம் 2012இலேயே வந்துவிட்டது. 2020இல் கொரோனா எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்தபோது இந்தப் பக்கம் வராதவர்களும் வந்தார்கள். அதே ஆண்டில் ஃபவுண்ட்ரி என்று இதற்கே இன்னொரு மென்பொருள் வந்தது. கட்டம் போட்ட வரைபடம், பகடைக்கு ஒரு பொத்தான், காயம் பட்டால் அதுவே கழித்துக்கொள்ளும் கணக்கு. பலகையும் கிடையாது ஐயா, பகடையும் கிடையாது.

அக்கா, ‘மெய்நிகர் மேசை’ என்று ஒன்றும் உங்கள் கட்டுரையில் வந்திருக்குமே, அதற்கு என்ன செய்தீர்கள்?

க., சென்னை

---

வணக்கம்.

டிஜிட்டலுக்கே சொல் உறுதியில்லை. நாங்கள் இலக்கமுறை என்கிறோம், சிங்கப்பூரில் மின்னிலக்கம், நீங்கள் சிலர் எண்ணிமம், பலர் டிஜிட்டல். அதை இன்னொரு நாள் கதைப்போம். ரோலுக்கு எங்களிடம் வகிபாகம் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டால் கூட்ட அறிக்கை வாசிப்பது போல இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் கேள்வி ‘நடத்துநர்’ பற்றியது. உங்கள் ஊரில் நடத்துநர் என்றால் பஸ்ஸில் விசில் ஊதுகிறவர் அல்லவா? மட்டக்களப்புக் கூத்தில் ஆட்டம் பழக்கி, களரியில், அதாவது ஆடுகளத்தில், மத்தளத்தோடு நின்று முழுக்கூத்தையும் கொண்டுசெல்கிறவர் அண்ணாவியார். ஆடுகிறவன் பிசகினால் தாங்கிப்பிடிப்பதும் அவர்தான். இந்த விளையாட்டில் அந்த ஆள் செய்வதும் அதுதானே?

ந., மட்டக்களப்பு

---

அண்ணாவியார் நல்ல சொல்தான். ஆனால் எங்கள் குழுவில் நடத்துகிறவர் ஒரு பெண். அவரை அண்ணாவியார் என்றால் அண்ணா என்று கூப்பிட்ட மாதிரி இருக்காதா? தெருக்கூத்தின் கட்டியங்காரனும் நினைவுக்கு வந்தான், அவனும் ‘ன்’. 1974 விதிநூல்களில் ஆட்டம் நடத்துகிறவர் வெறும் நடுவர்தான். பேசாமல் அதற்கே திரும்பிவிடலாமா?

க.

---

அன்புடையீர்,

நேற்றிரவு உறக்கம் வரவில்லை. குறள் 401 நினைவுக்கு வந்தது: “அரங்கின்றி வட்டாடி யற்றே”. அரங்கு என்பது இங்கே தரையில் வகுத்த கட்டம். கட்டம் வரையாமல் வட்டாடுவது போன்றதாம், நூலறிவின்றி அவையில் பேசுவது. கட்டத்தில் காயுருட்டும் ஆட்டத்துக்கு ஈராயிரம் ஆண்டுப் பெயர் வட்டு! மேசை எதற்கு? ‘வட்டாட்டம்’ என்க. ஆடும் இடத்துக்கு 935ஆம் குறளில் ‘கழகம்’ இருக்கிறது. சூதாடுமிடம் என்பதே அங்கே அதன் பொருள். அச்சொல் பின்னாளில் எங்கெங்கு போயிற்று என்பதை...

மு.

---

மட்டுறுத்துநர் குறிப்பு: கழகம் இத்துடன் நிற்கட்டும். போன முறை இதே சொல்லால் மூன்று பேர் குழுவைவிட்டுப் போனார்கள்.

---

ஐயா, அரங்கு அருமை. ஆனால் வட்டு இப்போது கணினிக்குள் போய்விட்டது. வன்வட்டு, குறுவட்டு என்று சொல்லிச் சொல்லி, வட்டாட்டம் என்றால் ‘சிடி போட்டு ஆடுவதா?’ என்பார்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இந்த ஆட்டக்காரர்களில் ஒரு சாரார் கட்டமும் பொம்மையும் வேண்டாம், எல்லாம் பேச்சிலேயே நடக்கட்டும் என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு மனத்துக்குள் நாடகமேடை என்கிற மாதிரி ஒரு பெயர். நமக்கோ கட்டமும் அரங்கு, மேடையும் அரங்கு. வள்ளுவர் குறை சொன்ன ஆட்டத்தை இவர்கள் ஆசையாக ஆடுகிறார்கள்.

இதைப் பணம் போட்டவர்கள் புரிந்துகொண்டார்களா என்று தெரியவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ 2022இல் 14.63 கோடி டாலர் கொடுத்து, அந்த ஆட்டத்துக்கான டிஅண்ட்டி பியாண்ட் இணையதளத்தை வாங்கியது. 2025இல் சிஜில் என்று முப்பரிமாண மேசை ஒன்றை வெளியிட்டு, அடுத்த மாதமே அதைச் செய்தவர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் குழு இன்னமும் கோட்டுப்படத்தில்தான் ஆடுகிறது.

க.

---

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, சுருக்கமாக.

ஆடுகதை. வினைத்தொகை. ஆடிய கதை, ஆடுகின்ற கதை, ஆடும் கதை. எதிர்காலம் பற்றிய கட்டுரைக்கு முக்காலமும் அடங்கிய சொல். விடுகதை, தொடர்கதை வரிசையில் பிள்ளைகள் வாயில் நிற்கும். மேசை இருந்தாலும் போனாலும் கவலையில்லை.

பா., மதுரை

---

> ஆடுகதை

ஆட்டைப் பற்றிய கதையா?

க.

---

ஆட்டைப் பற்றியது என்றால் ஆட்டுக்கதை. நெடில்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டும், வல்லினம் மிகும். வினைத்தொகையில் மிகாது. ஆட்டுக்கறிக்கு உண்டு, ஊறுகாய்க்குக் கிடையாது. எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லித்தான் புரியவைக்கிறேன்.

பா.

---

எனக்குப் பிடித்திருக்கிறது. எங்களுக்குக் கதைப்பது என்றாலே பேசுவது. பேச்சால் ஆடும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் வராது.

ந.

---

கதை வடசொல்.

மு.

---

சொல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிக்கல். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி ஆட்டமும் ஆடுகதைதானே? அதில் கதவைத் திறக்கலாம், உடைக்கலாம். செய்தவர்கள் எழுதிவைத்த வழிகள்தான் உண்டு. எங்கள் ஆட்டத்தில் ஒருத்தர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தாலாட்டுப் பாடினார், உள்ளே இருமியவர் அழுதுகொண்டே வந்து திறந்தார். நடத்தியவர் அந்த நிமிடத்தில் முடிவு செய்தது அது.

நான் மேசையை விடமாட்டேன் என்பது இதனால்தான். மேசை என்பது மரச்சாமானைக் குறிக்கவில்லை, எதிரே ஓர் ஆள் இருக்கிறார் என்பதைக் குறிக்கிறது. எண்ணெய் என்றால் எள்ளின் நெய். தேங்காய் எண்ணெயில் எள் எங்கே இருக்கிறது? மண்ணெண்ணெயில்? எள் போனாலும் சொல் நிற்கிறது, மேசையும் அப்படி நிற்கட்டும். ‘மேசை ஆடுகதை’.

2019இல் ஏஐ டன்ஜன் வந்தது. நடத்துகிறவரே இயந்திரம், எதைச் சொன்னாலும் பதில் வரும். அது மேசையா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

க.

---

அண்ணாவியார் இல்லாத களரி அது. நான் மேசை என்று சொல்லமாட்டேன்.

ந.

---

‘மேசை ஆடுகதை’ என்று வாசித்ததும் என் மகள், “காலுக்கு அட்டை வைக்கணுமா?” என்றாள். இருந்தாலும் அதுவே போகட்டும். வியாழன் இரவு வரை எண்ணியதில் மேசை ஆடுகதைக்கு ஏழு, வெறும் ஆடுகதைக்கு ஐந்து, வேடாட்டத்துக்கு ஒன்று. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நடத்துகிறவருக்குப் பெயர் அமையவில்லை. ‘நடுவர்’ என்று போட்டுவிட்டு ஓடுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. 2023 ஜனவரியில் உரிமச் சண்டை முற்றி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டார்கள் அல்லவா? மூலத்தைக் குறிப்பிட்டால் தமிழில் பெயர்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சில நூறு பக்கம். யாராவது ஆரம்பித்தால் மறுபடி இதே சண்டையைச் சொல்லுக்குச் சொல் போடலாம்.

செ.

---

சிறப்பிதழ் வந்துவிட்டது. மெய்ப்புப் பார்த்தவர் ஒற்று விட்டுப்போனதாக நினைத்துத் திருத்தியிருக்கிறார். தலைப்பு தப்பியது. உள்ளே மூன்று இடத்தில் ‘மேசை ஆட்டுக்கதை’.

செ.

---

அதில் ஆடாவது தமிழ்.

மு.