டிமார்ஷ்: 'கண்டனம்' போதாது, 'தூதுரை' வைக்கலாம்

அகராதிக் குழுவினருக்கு வணக்கம். ஓர் அரசு தூதரக வழியில் மற்றோர் அரசிடம் முறைப்படி ஒன்றைத் தெரிவிப்பதுதான் டிமார்ஷ் (démarche). அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> டிமார்ஷுக்குக் 'கண்டனக் குறிப்பு' என்றே போட்டுவிடலாம். நாளிதழ்களில் பழகிய சொல்.

இதை ஏற்க முடியவில்லை. காசிமேட்டு விசைப்படகு ஒன்று எஞ்சின் பழுதாகி பர்மா கரையில் ஒதுங்குகிறது என்று வையுங்கள். யாங்கூனில் உள்ள நம் தூதரகம், நேப்பிடோவில் இருக்கும் வெளியுறவு அமைச்சகத்தை அணுகி, ஆட்களைப் பார்க்க அனுமதி கேட்கும். அதில் கண்டிக்க என்ன இருக்கிறது? அதுவும் டிமார்ஷ்தான். ஐ.நா. வாக்கெடுப்பில் ஆதரவு கேட்பதும் அதே வகைதான்.

நடைமுறை இது. என்ன பேச வேண்டும், எந்தப் பதவியில் இருப்பவரிடம் பேச வேண்டும் என்று தலைநகரிலிருந்து உத்தரவு வரும். தூதரக அதிகாரி நேரம் கேட்டு வாங்கிப் போய், சொல்ல வேண்டியதை வாயால் சொல்வார். பிறகு ஒரு தாளை வைத்துவிட்டு வருவார். சில சமயம் அதில் தலைப்பு, முத்திரை, கையெழுத்து எதுவும் இருக்காது. பின்னால் இரு தரப்பும் அதற்குக் கட்டுப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கிடைத்த பதிலை அன்றே ஊருக்கு எழுதுவார். அண்டை நாட்டுத் தூதரை நம் அமைச்சகம் வரவழைத்துச் சொல்வதும் இதில் சேரும். வரச் சொன்னது தூதரையா துணைத் தூதரையா, பேசியது செயலாளரா இணைச் செயலாளரா என்பதில்தான் கோபத்தின் அளவு தெரியும்.

ஆகவே என் பரிந்துரை: தூதுரை. குறளிலேயே 'தூதுரைப்பார்' (682) இருக்கிறது. 'தூதுரைத்தது' என்று வினையாகவும் வரும்.

ராயபுரத்திலிருந்து

*

அய்யா, 'முறையீடு' ஏன் கூடாது? வட்டாட்சியர் அலுவலகம் போகிற எவருக்கும் புரியுமே.

*

புரியும், ஆனால் தவறாகப் புரியும். முறையீடு கீழிருந்து மேலே போவது. இங்கே இரண்டும் சம நாடுகள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 'தூதருக்குச் சம்மன்' என்று எழுதுவதை நிறுத்தவே வேண்டும். ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலிருந்து வருவது சம்மன், போகாவிட்டால் வாரண்ட். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 31ஆம் பிரிவுப்படி தூதர் சாட்சி சொல்லக்கூடக் கட்டுப்பட்டவர் அல்லர். 'வரவழைத்தது' என்றால் போதும்.

ஒரு நாடு தூதரை வெளியேறச் சொல்வதை 'நாடுகடத்தல்' எனலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதே உடன்படிக்கையின் 9ஆம் பிரிவுப்படி காரணமே சொல்லாமல் ஒருவரை 'ஏற்கத்தகாதவர்' என அறிவிக்கலாம். அவரைத் திரும்ப அழைத்துக்கொள்வது அனுப்பிய நாட்டின் கடமை. போலீஸ் பிடித்து விமானம் ஏற்றுவதில்லை. அதனால் நாடுகடத்தல் பொருந்தாது.

*

> தூதுரை என்றால் தூதர் மேடையில் பேசிய உரை என்று எண்ணமாட்டார்களா?

அதற்குத் 'தூதரின் உரை' என்று பிரித்து எழுதலாம். அகராதிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

தூதுரை (பெ.): ஓர் அரசு தன் வேண்டுகோள், நிலைப்பாடு அல்லது எதிர்ப்பை மற்றோர் அரசுக்குத் தூதரக வழியில் முறைப்படி தெரிவித்தல். எ-டு: படகுகளை விடுவிக்கக் கோரி கொழும்பில் இந்தியத் தூதரகம் தூதுரைத்தது.