பழைய டிரையாங் ஜின்ட்டி: எக்ஸ்04 மோட்டாரை மீட்பதா, தூக்கிப்போடுவதா?

நாலுமில்லி:
டிரையாங் நிறுவனம் செய்த பழைய மாதிரி ரயில் எஞ்சின், ஜின்ட்டி ஒன்று, விற்பனைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருப்பது எக்ஸ்04 மோட்டார். பட்டியல் எண் ஆர்52, எஞ்சினில் எழுதியிருக்கும் எண் 47606, கறுப்பு. 30 பவுண்டு கேட்கிறார்கள். விற்பவர் அனுப்பிய காணொளியில் எஞ்சின் தனியாக ஓடும்போது பாய்கிறது. மூன்று பெட்டி கோத்ததும் முனகி நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் மோட்டார் தொடமுடியாத அளவுக்குச் சுடுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். வாங்கலாமா? வாங்கினால் புது மோட்டார் போட்டே ஆகவேண்டுமா?

பட்டறைக்காரன்:
விலை இறங்கினால் வாங்குங்கள். மோட்டார் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், கழற்றிவிட்டு ஒரு சின்ன கேன் மோட்டார் (உருளை உறைக்குள் மூடிய மோட்டார்) போடுங்கள். எக்ஸ்04 மூன்று துருவ மோட்டார். மெதுவாக ஓடும்போது திணறும், மின்சாரம் குடிக்கும், சேசிஸே (அடிச்சட்டமே) மின்பாதையில் ஒரு பக்கம். கேன் மோட்டாரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பழைய மோட்டாரின் இருக்கையில் பொருந்துகிற மாதிரி தாங்கிகள் இப்போது விற்பனைக்கே கிடைக்கின்றன.

கரிப்புகை:
நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறியும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: காந்தம் தளர்ந்துவிட்டது. தளர்ந்த காந்தம் என்றால் எஞ்சின் மெதுவாக ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஆர்மேச்சர் (கம்பி சுற்றிய சுழலும் பகுதி) சுற்றும்போது தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும், அதுதான் மின்னோட்டத்துக்குக் கடிவாளம். காந்தம் வலுவிழந்தால் அந்தக் கடிவாளம் தளர்கிறது. சுமையில்லாதபோது வேகம் ஏறுகிறது, ஆம்பியர் ஏறுகிறது, இழுவை மட்டும் இறங்குகிறது. சூடு வருவது அதனால்தான்.

அளந்தே பார்த்துவிடலாம். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி மோட்டாரைத் தனியே எடுங்கள். 12 வோல்ட் டிசியில் சுமையில்லாமல் ஓடவிட்டு, மல்டிமீட்டரைத் தொடராக இணையுங்கள். நல்ல எக்ஸ்04 கால் ஆம்பியர் பக்கத்தில் நிற்கும். அரை ஆம்பியரைத் தாண்டினால் கோளாறு. மோட்டாரைத் தூக்கிப்போடுவதற்கு முன் இந்த ஒரு அளவை எடுங்கள்.

பட்டறைக்காரன்:
ஆம்பியர் கூடினால் காந்தம் மட்டும்தான் காரணமா? காயில் ஷார்ட் ஆகியிருந்தாலும் கூடும். பேரிங் காய்ந்திருந்தாலும் கூடும்.

கரிப்புகை:
சரியான கேள்வி. பிரிக்கும் வழியும் எளிது. பேரிங் காய்ந்திருந்தால் மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும், பாயாது. காயிலுக்கு, பிரஷ் (மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) இரண்டையும் எடுத்துவிட்டு, அவை உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளை இரண்டிரண்டாக மீட்டரில் தொடுங்கள்: 1–2, 2–3, 3–1. மூன்று அளவும் ஒன்றுபோல இருக்கவேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த ஆர்மேச்சர் போய்விட்டது. அப்போது நீங்கள் சொன்ன கேன் மோட்டாருக்கு நானும் ஆட்சேபம் சொல்லமாட்டேன். கம்பிச்சுற்றின் நிறத்தையும் பாருங்கள். வார்னிஷ் செம்புப் பழுப்பாக மினுங்கவேண்டும். கறுத்து, கருகல் வாடை அடித்தால் மீட்டரே தேவையில்லை.

தண்டவாளன்:
பிரஷ் எடுப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு பிரஷையும் அழுத்திப் பிடிப்பது கொண்டை ஊசி மாதிரி வளைந்த ஒரே ஸ்பிரிங். அதன் ஒரு காலில் மட்டும் சின்ன இன்சுலேஷன் உறை செருகியிருக்கும். பிக்கப் கம்பி (சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுத்துவரும் கம்பி) வரும் பக்கத்துப் பிரஷில் உட்காரவேண்டியது அந்த உறைக்கால்தான். மற்றது சேசிஸோடு சேர்ந்த பக்கம். உறை நொறுங்கி விழுந்திருந்தாலோ, கால் மாறிப் போட்டாலோ நேரடி ஷார்ட். "மோட்டார் செத்துவிட்டது" என்று விற்பனைக்கு வருகிறவற்றில் இப்படி உறை மட்டும் இல்லாதவையும் உண்டு. மெல்லிய கம்பியிலிருந்து உரித்த பிளாஸ்டிக் உறை 3 மில்லிமீட்டர் போதும்.

ஸ்பிரிங்கை எடுக்கும்போது பிரஷ் தெறித்து ஓடும். ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள். பின்னால் வந்த மோட்டார்களில் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் இதே கதைதான். ஒரு காலைத் துண்டித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாலுமில்லி:
காந்தம்தான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து?

கரிப்புகை:
முதலில் சுத்தம். கம்யூட்டேட்டர் துண்டுகளுக்கு நடுவிலுள்ள மூன்று இடுக்குகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கரித்தூளும் பழைய எண்ணெயும் சேர்ந்து சாம்பல் நிறக் களிம்பாக அடைத்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். பல்குச்சியைக் கூராகச் சீவி அந்தக் களிம்பை வழித்தெடுங்கள், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது விடும் கீறல் பிரஷைத் தின்னும். பேரிங்கில் ஊசிமுனையில் எடுத்த ஒரு துளி மெல்லிய எண்ணெய். இரண்டாவது துளி கம்யூட்டேட்டருக்குப் போய்ச் சேரும்.

அதன்பின் மறுபடி அளக்கவும். ஆம்பியர் இறங்கவில்லையா, காந்தத்துக்கு வாருங்கள். பழைய எக்ஸ்04இல் இருப்பது அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். அதன் காந்தப்பாதை திறந்தால் வலு குறைந்துவிடும். ஆர்மேச்சரை வெறுமனே உருவி எடுத்தாலே போதும், பாதை திறந்துவிடும். ஆகவே உருவுவதற்கு முன் இரண்டு துருவத் தகட்டுக்கும் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை வைத்துவிடுங்கள். என் கணிப்பில், முன்பு யாரோ மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்ததுதான் இந்த ஜின்ட்டி தளர்ந்ததற்குக் காரணம்.

தண்டவாளன்:
காந்தத்தை மாற்றுவதைவிட, காந்தமேற்றும் கருவியில் வைத்துப் பழையதையே ஏற்றிக்கொள்வது நல்லது. மோட்டாரைப் பிரிக்காமல் முழுசாக வைத்து ஏற்றவேண்டும். நியோடிமியம் என்ற மிக வலுவான காந்தம் போட்டவர்கள் மெதுவான ஓட்டத்தை இழக்கிறார்கள். காந்தம் அளவுக்கு மீறி வலுத்தால் ஆர்மேச்சரின் மூன்று துருவமும் ஒவ்வொன்றாகக் கவ்வி விடும். கையால் சுற்றினாலே 'டக், டக்' என்று தெரியும்.

கரிப்புகை:
கவ்வுவது உண்மை. இடைவெளி முழுவதையும் நியோடிமியத்தால் நிரப்பினால்தான் அது வரும். பழைய காந்தத்தின் நீளத்தை வெர்னியரில் அளந்து, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் நியோடிமியம், மீதிக்கு மெல்லிரும்புத் துண்டு என்று அடுக்கினால் வலுவை வேண்டிய அளவில் நிறுத்தலாம். காந்தமேற்றும் கருவி எல்லார் வீட்டிலும் இருக்காது. துருவம் மாறிப் போட்டால் எஞ்சின் எதிர்த்திசையில் ஓடும், அவ்வளவுதான். திருப்பிப் போட்டால் சரி.

பட்டறைக்காரன்:
இவ்வளவு வேலைக்குப் பிறகும் கையில் இருப்பது 1950களின் மோட்டார்தான் என்பதை மறக்கவேண்டாம். நாலுமில்லி நாளைக்கு டிசிசி (எஞ்சினுக்குள் வைக்கும் டீகோடர் சில்லு வழியே இலக்கமுறையில் ஓட்டுவது) போட நினைத்தால்? ஒரு பிரஷ் சேசிஸோடு சேர்ந்திருக்கும்போது டீகோடர் வைத்தால் முதல் நொடியிலேயே எரியும்.

கரிப்புகை:
டிசிசி என்றால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. இரண்டு பிரஷையும் தனிமைப்படுத்த வழி இருக்கிறது. ஆனால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி அளக்கும் மின்னோட்டம் டீகோடரின் வரம்புக்குள் இருக்கவேண்டும். சாதாரண 1 ஆம்பியர் டீகோடருக்குத் தளர்ந்த எக்ஸ்04 ஆபத்து. அவர் கேட்டது சாதாரண 12 வோல்ட் டிசி ஓட்டம். அதற்கு இந்த மோட்டார் இன்னும் பல ஆண்டு உழைக்கும். பிரஷ், ஸ்பிரிங், ஆர்மேச்சர் எல்லாம் தனித்தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. கேன் மோட்டார் போனால் முழுசாகப் போனதுதான்.

பட்டறைக்காரன்:
உதிரி கிடைப்பதை ஒப்புக்கொள்கிறேன். கேன் மோட்டார் போடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர்கள் கெடுப்பது வார்ம் கியர் (மோட்டார் அச்சிலுள்ள திருகுப்பல்) பிடிப்பைத்தான். இறுக்கமாக வைத்தால் சூடு, தளர்வாக வைத்தால் பல் தேயும். வார்முக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவில் சிகரெட் தாள் ஒன்றை வைத்து அழுத்தி ஸ்க்ரூவை முடுக்குங்கள். தாளை உருவினால் சரியான இடைவெளி இருக்கும்.

தண்டவாளன்:
மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், வாங்குவதற்கு முன் சக்கரத்தைப் பார்க்கவேண்டும். விற்பவரிடம் எஞ்சினைக் கையால் தள்ளிக் காட்டச் சொல்லாதீர்கள். வார்ம் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் வார்மைச் சுற்றாது. தள்ளினால் பல்தான் போகும். மோட்டாரைக் கழற்றியபின் வெறும் சேசிஸைக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால், ஒரு சக்கரம் அச்சில் நழுவி இரு பக்கக் கிராங்க் ஊசிகளுக்கு (சக்கரங்களை இணைக்கும் தண்டு மாட்டும் ஊசிகள்) இடையிலான 90 டிகிரிக் கோணம் கெட்டிருக்கிறது.

நாலுமில்லி:
விற்பவர் கீழ்ப்பக்கப் படம் அனுப்பினார். சக்கர விளிம்பு தடிமனாக, ஆழமாக இருக்கிறது.

பட்டறைக்காரன்:
ஆரம்பகாலச் சக்கரம். உங்கள் தண்டவாளம் கோட் 75 (உயரம் குறைந்த வகை) என்றால் விளிம்பு ஸ்லீப்பர் பிடிப்புகளில் இடிக்கும். அதைவிட உயரமான கோட் 100 என்றால் நேர்ப்பாதையில் ஓடும், பாயின்ட்டுகளில் (பாதை பிரியும் இடங்களில்) துள்ளும். இப்போதைய ஓஓ என்ற மாதிரி ரயில் அளவில் சக்கரங்களின் உட்புற இடைவெளி 14.5 மில்லிமீட்டர். இதில் அதைவிடக் குறைவாக இருக்கும். அச்சோடு அழுத்திச் செருகிய சக்கரம், இழுத்து நகர்த்தினால் பிடிப்பு போகும். பின்னாளில் வந்த மெல்லிய விளிம்புச் சக்கரமுள்ள சேசிஸ் ஒன்று கிடைத்தால் உடலை அதில் மாட்டிவிடுங்கள். இதைச் சொல்லி விலையை 20க்குக் கொண்டுவாருங்கள்.

கரிப்புகை:
இதில் பட்டறைக்காரன் சொல்வதுதான் சரி, 30 அதிகம். சேசிஸ் மாற்றினாலும் பழைய மோட்டாரை விற்றுவிடாதீர்கள். நல்ல ஆர்மேச்சரோடு இருந்தால் புதுச் சேசிஸிலும் அதே ஒரு ஸ்க்ரூவில் உட்காரும்.

நாலுமில்லி:
22க்கு முடிந்தது. கோட் 100 பாதைதான். பார்சல் வந்ததும் முதலில் கம்யூட்டேட்டர் துண்டுகளின் ஓம் அளவு மூன்றும், பிறகு ஆம்பியரும் எடுத்து இங்கே போடுகிறேன். அதுவரை ஆர்மேச்சரை உருவமாட்டேன்.