கால்வாய்க் கரை நடையில் கண்டது: உங்கள் அனுபவம் என்ன?

கரைநடை:
பாலம் தாண்டி வரும் வளைவில் இரும்புக் குழாய்ச் சிற்பம் இருக்கிறதே, அதன் உச்சியில் சிறிய மீன்கொத்தி. அலகில் மீன். தலையை இரண்டு பக்கமும் வீசி வீசி மீனைக் குழாயில் அடித்தது. உள்ளே வெற்றாக இருக்கும் குழாய் அல்லவா, ஒவ்வோர் அடிக்கும் 'டிங்' என்று மணிச் சத்தம். அப்புறம் மீனின் தலை முன்னால் வரும்படி திருப்பி விழுங்கிவிட்டுப் பறந்துபோனது. சிற்பத்தைச் செய்தவரிடம் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது. அங்கே பெயர்ப்பலகைகூட இல்லை.

வெண்கொக்கு:
சத்தம் சரி, சிற்பத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மீன்கொத்தி செங்குத்தான மண் கரையைக் குடைந்துதான் கூடு வைக்கும். நான் நடக்கும் பக்கம் கரை முழுவதையும் கான்கிரீட்டால் மூடிவிட்டு, அதன்மேல் மீன்கொத்தியைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். ஒருநாள் நிஜப் பறவை அந்தச் சுவரை ஒட்டி மேலும் கீழும் பறந்துவிட்டு, உட்கார இடமில்லாமல் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அந்த ஓவியத்தின் முன் என்னால் நிற்க முடியவில்லை.

பாசிச்சுவர்:
வெண்கொக்கு, எல்லாச் சுவரோவியத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். நான் பார்த்ததில் பெயின்ட்டே கிடையாது. பாசி படிந்த சுவரில் தண்ணீரைப் பீய்ச்சிச் சுற்றிலும் கழுவி, கழுவாமல் விட்ட இடத்தை நாரையாக்கியிருந்தார்கள். ரோமில் டைபர் ஆற்றின் கரைச்சுவரில் 2016இல் தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 80க்கும் மேற்பட்ட உருவங்களை இப்படித்தான் உண்டாக்கினார். அழுக்கு மறுபடி படியப் படிய உருவம் மங்கும், அது தெரிந்தே செய்த வேலை. நான் போன அன்று நாரையின் கண் இருந்த இடத்தில் ஒரு நத்தை பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. கண் பாதி போய்விட்டது. விரட்டலாமா என்று கை போனது, விரட்டவில்லை.

தும்பி:
சிலையின் தோளில் சிறகை விரித்தபடி நீர்க்காகம். அது கழுத்தைத் திருப்பும்வரை சிலையோடு சேர்ந்தது என்றே நினைத்தேன். அதன் இறகு நனைந்துவிடும், அதனால்தான் அப்படிக் காயவைக்கிறது.

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் புதிதாக நடக்க வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். காதில் எதையும் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். மீன்கொத்தி கண்ணில் படுவதற்கு முன் அதன் கூர்மையான விசில்தான் கேட்கும். கேட்டதும் நீர்மட்டத்தை ஒட்டிப் பாருங்கள், மரத்தை அல்ல. வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். அந்த நீலம் நிறமியால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வருகிறது. நிழலில் மங்கிவிடும். சிற்பங்களில் வெள்ளை எச்சம் வழிந்த இடத்தைக் கவனித்து வையுங்கள், பறவை வழக்கமாக உட்காரும் இடம் அதுதான். தயவுசெய்து அதைச் சுத்தம் செய்யச் சொல்லிப் புகார் எழுதாதீர்கள். வாத்துக்கு ரொட்டியும் போடாதீர்கள்.

வெண்கொக்கு, கான்கிரீட் கரையிலும் குழாய் பதித்து மீன்கொத்திக்குக் கூடு வைக்க வழிசெய்யலாம். சுவரில் வரைய அனுமதி கேட்கிறவர்களே அதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

வெண்கொக்கு:
குழாயை நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே பதிக்க வேண்டும்? இது மழைக்காலத்தில் தண்ணீர் மளமளவென்று ஏறும் கால்வாய். செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.