பவர் கட்டர் உதைப்பது ஏன்? வேலை தெரிந்தவர்கள் சொல்வது

கான்கிரீட், கல், குழாய் வெட்டும் கைமெஷினான பெட்ரோல் பவர் கட்டர் உதைத்தால் "திடீர்னு துள்ளிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: பிளேடின் முன்பக்க மேல் கால்வட்டம் எதிலோ மாட்டியிருக்கும். அங்கே மாட்டினால் மெஷின் மேலெழும்பி, பிடித்திருப்பவர் முகத்தை நோக்கிச் சுழன்று வரும். கீழ்ப்பகுதி மாட்டினால் முன்னால் இழுக்கும், அதைக் கையால் அடக்கிவிடலாம். மேலே எழும்புவதை அடக்க எந்தக் கைக்கும் வலு போதாது. அதனால் மேல் கால்வட்டத்தால் வெட்டவே கூடாது. தோளுக்கு மேல் தூக்கிப் பிடிக்கக் கூடாது. பிளேடு சுற்றும் கோட்டுக்கு நேராகத் தலை இருக்கக் கூடாது.

*

குழாய் வெட்டும்போது இப்படி உதைப்பது எளிதில் நடக்கும். இரண்டு முனையும் தரையில் தாங்கி, நடுவில் தொங்கும் குழாயை மேலிருந்து வெட்டினால், பாதி வெட்டியதும் வெட்டின் வாய் மூடி பிளேடைக் கவ்வும். வெட்டு விரியிற மாதிரி முட்டுக் கொடுங்க. பிளந்த வாயில் ஆப்பு வையுங்க. உருளாமல் அணை கொடுங்க. பழைய வெட்டுக்குள்ள பிளேடை மறுபடி இறக்கும்போது வெட்டின் பக்கச் சுவரில் உரசாமல் நேராக இறக்கணும். கான்கிரீட் தளத்தை வெட்டும்போது முதலில் மேலோட்டமாக ஒரு கோடு போட்டுட்டு, ஒரு தடவைக்கு 5 செ.மீ. வீதம் ஆழப்படுத்துங்க. ஒரே மூச்சில் முழு ஆழம் போனா பிளேடு சூடாகி நெளியும்.

*

பிளேடு பற்றிச் சேர்க்க வேண்டியது. பிளேடில் அச்சிட்ட ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற அளவு), மெஷினில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் மாட்டாதீர்கள். ஆங்கிள் கிரைண்டர் பிளேடு, மர ரம்பம் எதுவும் இதில் கூடாது. ரெசின் வீல் (பிசினால் ஒட்டிய அரைக்கும் துகள் வட்டு) ஈரம் பட்டால் வலு இழக்கும். தயாரித்து 3 ஆண்டு கடந்தாலோ ஒருமுறை கீழே விழுந்தாலோ, விரிசல் தெரியாவிட்டாலும் தூக்கி எறியுங்கள்.

டைமண்ட் பிளேடு வெட்டாமல் வழுக்கினால் தேய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கெட்டியான கல்லில் ஓடி, வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் (பாண்ட்) தேயாமல் பளபளத்துப் போயிருக்கும். மணற்கல் போன்ற சொரசொரப்பான மென்கல்லில் சில வெட்டு போட்டால் புதிய வைரம் வெளியே வரும். கெட்டிக் கல்லுக்கு மென்மையான பாண்ட், அரித்தெடுக்கும் தார்ச்சாலைக்குக் கடினமான பாண்ட். பலர் இதைத் தலைகீழாக வாங்குகிறார்கள்.

*

தண்ணீர் விடாமல் கான்கிரீட் வெட்டாதீங்க. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கு, நுரையீரலைத் தழும்பாக்கிடும், திரும்பச் சரியாகாது. துணி கட்டினா நிற்காது, முகத்தோடு இறுக ஒட்டும் தூசி மாஸ்க் வேணும். வேலை முடிஞ்சதும் தண்ணீரை நிறுத்திட்டு அரை நிமிடம் சும்மா சுற்றவிட்டா பிளேடு உலர்ந்துடும்.

எரிபொருள் 50:1 கலவை, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில். ஆயில் குறைந்தா பிஸ்டன் சிலிண்டரைக் கீறிடும். எரிபொருள் ஊற்றின இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் பண்ணுங்க. மெஷின் தரையில் இருக்கணும், கால் பின்கைப்பிடியை மிதிச்சிருக்கணும், பிளேடு எதிலும் படக் கூடாது. பிளேடைச் சுற்றவைக்கும் புது பெல்ட் நீளும். ஒன்றிரண்டு டேங்க் ஓடினதும் மறுபடி இறுக்கணும். ஏர் ஃபில்டரை ஏர் பிரஷர் வெச்சு ஊதாதீங்க. காகிதம் கிழிஞ்சு தூசி நேரா எஞ்சினுக்குள்ள போயிடும். பவர் குறைஞ்சா ஃபில்டரை மாத்திடுங்க.

ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாதப்போ, பிளேடு சுற்றுதான்னு தினமும் பாருங்க. சுற்றினா ஐடில் ஸ்க்ரூவைக் குறைங்க, அப்பவும் நிற்கலைன்னா கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கலாம். சரிபண்ற வரைக்கும் எடுக்காதீங்க.