பில்லியன் (பின்னிருக்கை) பயணி, லாரி மோதல்: வி23-ஆ, வி24-ஆ?

செங்காங்வாசி:
வணக்கம். மருத்துவமனை ஒன்றில், நோய்களுக்கும் காயங்களுக்கும் ஐசிடி-10 (அனைத்துலக நோய் வகைப்பாடு) குறியீடு இடும் பணியில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நேற்று வந்த கோப்பின் விடுவிப்புச் சுருக்கத்தில் "சாலை விபத்து, மோட்டார்சைக்கிள், லாரி மோதல், வலது டிபியா நடுத்தண்டு முறிவு" என்று மட்டுமே இருந்தது. கணைக்கால் எலும்பான டிபியாவின் முறிவுக்கு எஸ்82.2 என்பதில் குழப்பமில்லை. நோயாளி வண்டியை ஓட்டினாரா, பின்னால் அமர்ந்து வந்தாரா என்பதை மருத்துவர் எழுதவில்லை. ஆம்புலன்ஸ் பதிவில் மட்டும் 'பில்லியன்' என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. அதை நம்பி எழுதலாமா? லாரி என்றாலே கனரக வாகன மோதலுக்கான வி24தானா, கார், வேன் மோதலுக்கான வி23-ஆகவும் இருக்கலாமா?

பழையகுறிப்பேடு:
எழுதலாம். புறக்காரணத்துக்கான, அதாவது காயம் எப்படி நேர்ந்தது என்பதற்கான, தகவல் கோப்பின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அதைப் பயன்படுத்துவதுதான் எங்கள் வழக்கம். ஐசிடி-10இல் மோட்டார்சைக்கிளில் சென்றவர் காயமடைந்ததற்கான வி20 முதல் வி28 வரை, சாலைப் போக்குவரத்து விபத்தென்றால் நான்காம் இலக்கம் ஓட்டுநருக்கு 4, பயணிக்கு 5, யாரெனத் தெரியாவிட்டால் 9. ஆம்புலன்ஸ் பதிவைப் புரட்டாமல் 9 போட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லாரி விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உள்நாட்டு எடை வரம்பைத் தாண்டி, தனி ஓட்டுநர் உரிமம் தேவைப்படும் சரக்கு வாகனத்தையே ஐசிடி கனரக வாகனம் என்கிறது. மற்றவை வேன், பிக்கப் ஆகியவற்றோடு வி23இல் அடங்கும். இங்கே சிங்கப்பூரில் சுமையற்ற எடை 2,500 கிலோவைத் தாண்டினால் பொதுவாக 4ஆம் வகுப்பு உரிமம் வேண்டும். ஆகவே 3ஆம் வகுப்பு உரிமத்தில் ஓட்டப்படும் 10 அடி லாரி மோதியிருந்தால் அது வி23.5தான், நாம் பேச்சில் லாரி என்று சொன்னாலும்.

அவசரப்பிரிவுத்தாதி:
நோயாளிகளுக்கு எல்லாமே 'லாரி'தான். "பின்னால் ஆட்கள் உட்கார்ந்து வரும் சின்ன லாரியா, டிப்பரா?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். இன்னொன்று: தாதியர் குறிப்பையும் பாருங்கள். வண்டி வலப்பக்கம் சாய்ந்திருந்தால், கெண்டைக்காலில் சைலன்சர் பட்ட தீக்காயம் இருக்கலாம். முறிவின் பரபரப்பில் அது சுருக்கத்தில் ஏறுவதே இல்லை.

செங்காங்வாசி:
நன்றி. நீங்கள் சொன்னதுபோலவே, வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம் என்று தாதியர் குறிப்பில் இருக்கிறது! இதற்கு, கால் தீக்காயத்துக்கான டி24-ஐச் சேர்த்து, சூடான எந்திரம் பட்டதற்கான எக்ஸ்17-ஐயும் போட வேண்டுமா?

பழையகுறிப்பேடு:
எக்ஸ்17 வேண்டாம். தீக்காயமும் அதே விபத்தில் நேர்ந்தது. போக்குவரத்து விபத்துக் குறியீடே இரண்டு காயங்களுக்கும் போதும். ஆனால், டி24 என்பது நோயறிதல். ஆம்புலன்ஸ் பதிவிலிருந்து 'பில்லியன்' என்பதை எடுத்ததுபோலத் தாதியர் குறிப்பிலிருந்து இதை எடுக்காதீர்கள். காயத்தின் ஆழத்தையும் சேர்த்து மருத்துவரிடம் எழுத்தில் கேளுங்கள்; அதே வினாவில் லாரியின் வகையையும் கேட்டுவிட்டால் கோப்பு ஒருமுறைதான் திரும்பிப் போகும்.