கரும்பு வெட்டுவதைப் பரதத்தில் ஆடலாமா?

டர்பன்_சலங்கை:
போன வாரம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் என் புது நடனத்தை ஆடினேன். என் பாட்டி, ஆயா என்றுதான் கூப்பிடுவேன், கரும்புத் தோட்டத்தில் உழைத்த கதை. முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "பரதம் சாமிக்கு உள்ளது, உன் வீட்டுக் கதைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. சின்ன வயதில் ஆயா பேசும் தமிழ் எனக்குப் பாதி புரியாது, பிற்பாடுதான் படித்தேன். ஆனால் அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அடியோடு ஒரு வெட்டு, நிமிராமலே தோகையைச் சீவி, நுனியைத் தறித்து, பக்கத்தில் எறிவது வரைக்கும் செய்து காட்டுவாள். அது மட்டும் முழுசாகப் புரிந்தது. அதனால்தான் ஆடினேன்.

பழையதாளம்:
தங்கச்சி, அவர் சொன்ன விதம்தான் தப்பு. பரதக் கலைஞர் பாலசரசுவதி அம்மா, பதம் என்கிற பழைய காதல் பாட்டையே எடுத்து, ஒரே வரிக்கு விதவிதமாக அபிநயம் விரித்துச் சஞ்சாரி செய்வார், தன் மனதைச் சொல்ல அவருக்குப் புதுக் கதை தேவைப்படவில்லை. தோட்டத்துக் கதைக்குத் தெருக்கூத்து இருக்கிறதே, இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர் மாறிப்போனது, நம் ஆட்கள் விடிய விடிய ஆடியது அதைத்தானே?

டர்பன்_சலங்கை:
அண்ணே, அந்த அம்மாவின் பாட்டி வீணை தனம்மாள். பதங்கள் அவர் வீட்டுச் சொத்து. என் ஆயா வீட்டில் இருந்தது வெட்டுக்கத்தி. அப்புறம், சாமிக்கு எது பொருந்தும் என்று அங்கே இந்தியாவிலேயே ஒத்துப்போகவில்லையே. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி சிருங்காரத்தை, அதாவது காதல் உணர்வை, ஒதுக்கப் பார்த்தார், பாலசரசுவதி அதுதான் உயிர் என்று கடைசிவரை நின்றார்.

நானும்_பார்த்தேன்:
நான் மண்டபத்தில் இருந்தேன் அக்கா. முதல் பாதி என்னைத் தொடவில்லை, இது பரதம்தான் என்று நிரூபிக்க ஜதிமேல் ஜதியாக வைத்த மாதிரி இருந்தது. பாட்டு நின்று நீங்கள் முன்கையைத் துடைத்த இடத்தில் என் அம்மா, "தோகை கிழிச்சிருக்கும்" என்றார். அவர் தோட்டத்தைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

பழையதாளம்:
அங்கே தாளம்?

டர்பன்_சலங்கை:
எட்டு எண்ணிக்கை ஆதி தாளம்தான். தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கத்தை நிறுத்திவிட்டேன். வெட்டு மூன்றாம் எண்ணிக்கையில் விழும், எறிவது ஏழில்.

பழையதாளம்:
முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் அப்படிக் குனிந்தால் முதுகு வளையும், அங்கசுத்தம், உடம்பின் நேர்த்தி, போய்விடும். என் கவலையே அதுதான்.

டர்பன்_சலங்கை:
ஆயா முதுகு வளைந்துதான் இருந்தது அண்ணே. அதை நிமிர்த்தி ஆட என்னால் முடியாது.

பழையதாளம்:
சரி, வீடியோ இருந்தால் போடு. ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே, அந்த மூன்றாம் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.