மெயின்பிரேம் திரையில் ரோபோ அடிக்கும் ஊர்ப்பெயர் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது: உதவி தேவை

நிரல்தேனீ:
அனைவருக்கும் வணக்கம். காப்பீட்டுப் பணியில், வாடிக்கையாளர்களின் முகவரி மாற்றங்களைப் பதிவு செய்யும் ரோபோ ஒன்றை, அதாவது மனிதருக்குப் பதிலாகத் திரையில் அடிக்கும் நிரல் ஒன்றைப் பராமரிக்கிறேன். பதிவு நடப்பது ஐபிஎம் மெயின்பிரேம் என்னும் பெரிய மையக் கணினியில்; அதன் பதிவுகளைக் கையாளும் சிஐசிஎஸ் மென்பொருளின் திரையில். மெயின்பிரேமின் பழைய 3270 முனையத்தைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்று இருக்கிறது. ரோபோ அதை எச்எல்எல்ஏபிஐ வழியாக, அதாவது எமுலேட்டரை வேறொரு நிரல் இயக்க உதவும் எண்ணிட்ட செயற்பாடுகளின் தொகுப்பு வழியாக, இயக்குகிறது. எக்செல் கோப்பிலிருந்து ஒரு வரியை எடுக்கும். பாலிசி எண்ணைக் கொடுத்துத் திரையை வரவழைக்கும். தெருவை அடித்து, டேப் அழுத்தி, ஊரை அடித்து, என்டர் அழுத்தும். 24-ஆவது வரியில் புதுப்பித்தல் முடிந்ததாகச் செய்தி வந்தால் வெற்றி என்று குறித்துக்கொண்டு அடுத்த பாலிசிக்குப் போகும்.

சோதனைச் சூழலில் ஒரு பிழையும் வரவில்லை. உண்மையான தரவில் முதல் இரவு 412 பதிவுகள் ஓடின. அவற்றில் 23 பதிவுகளில் புதிய ஊர், ஊருக்குரிய கட்டத்தில் இல்லை; அதற்கு அடுத்த 'குறிப்பு' கட்டத்தில் இருக்கிறது. ஊர்க் கட்டத்தில் பழைய ஊரே நிற்கிறது. தெரு மட்டும் சரியாக மாறியிருக்கிறது. ரோபோவின் பதிவேட்டிலோ 412-உம் வெற்றி. ஒரு வாடிக்கையாளர் அழைத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

திரை மெதுவாக வருவதால்தான் இப்படி ஆகிறது என்று குழுவில் சொன்னார்கள். காத்திருப்பை 1 நொடியிலிருந்து 3 ஆக்கினேன், பிறகு 5 ஆக்கினேன். அந்த 23 வரிகளைச் சோதனைச் சூழலில் மறுபடி ஓட்டினால், எத்தனை நொடி வைத்தாலும் அதே 23-உம் தவறுகின்றன. மற்றவை தவறுவதே இல்லை. வேகம் காரணமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதிவுகள் அல்லவா தவற வேண்டும்? ஒரு வாரமாக இதே நினைவாக இருக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி:
முதலில் ரோபோவை நிறுத்துங்கள். அந்த 23 பாலிசிகளையும் கையால் திருத்தும் வரை அவற்றுக்குக் கடிதம் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தை நாளைக்குத் தேடலாம். தவறான ஊருக்குப் போன புதுப்பித்தல் அறிவிப்பைத் திருப்பி வாங்க முடியாது.

காத்திருப்பைப் பற்றி ஒரு சொல். நொடிக் கணக்கில் காத்திருப்பதை விட்டுவிடுங்கள். என்டர் அழுத்தியதும் விசைப்பலகை பூட்டப்படும். திரைக்குக் கீழே உள்ள நிலை வரியில் எக்ஸ் குறி வரும். எச்எல்எல்ஏபிஐயின் 4-ஆம் செயற்பாடு அந்தப் பூட்டு திறக்கும் வரை காத்திருக்கும். திரும்பும் எண் 0 என்றால் திறந்துவிட்டது. 4 என்றால் மெயின்பிரேம் இன்னும் வேலையில் இருக்கிறது. 5 என்றால் வேறு காரணத்தால் பூட்டிக் கிடக்கிறது. பலர் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

பூட்டு திறந்தது மட்டும் போதாது. சில நிரல்கள் திரையை இரண்டு தவணையாக அனுப்பும். முதல் தவணையிலேயே பூட்டைத் திறந்துவிட்டு, மீதியைப் பிறகு அனுப்பும். ஆகவே பூட்டு திறந்த பிறகு, எதிர்பார்க்கும் தலைப்பு இருக்கிறதா, கர்சர் எதிர்பார்க்கும் இடத்தில் நிற்கிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

சோதனைக்காரி:
திரையைப் படமாக எடுத்து, எழுத்துகளை அடையாளம் கண்டு, ஊர்க் கட்டத்தின் மேல் சொடுக்கும்படி மாற்றினால் சிக்கல் தீராதா? எங்கள் பழைய விண்டோஸ் செயலிகளுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

பச்சைத்திரை:
படம் வேண்டாம். 3270 திரையில் ஒவ்வொரு எழுத்தும் எமுலேட்டரின் நினைவகத்தில் அதனதன் இடத்தில் எழுத்தாகவே இருக்கிறது. 24 வரி, 80 நெடுவரிசை, மொத்தம் 1920 இடங்கள். சரியாகக் கையில் இருப்பதைப் படமாக்கி, பிறகு ஊகித்துப் படிப்பது புதிய தவறுகளுக்கு வழி திறக்கும்.

நிரல்தேனீ, உங்கள் ஐயம் நியாயமானது. இது வேகத்தின் கோளாறு இல்லை. ஒன்றே ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: தெருக் கட்டத்தின் நீளம் எவ்வளவு? அந்த 23 வரிகளில் தெருப்பெயர் அந்த நீளத்தை முழுவதும் நிரப்புகிறதா?

நிரல்தேனீ:
ஐயா, பார்த்தேன். கட்டம் 30 எழுத்து. எக்செலில் அதற்கு மேல் இருந்தால் 30 எழுத்தோடு வெட்டிவிடும்படி நானே எழுதியிருந்தேன். 23 வரிகளும் 30 எழுத்து அல்லது அதற்கு மேல். மற்ற 389-இல் ஒன்றுகூட 30-ஐத் தொடவில்லை. சோதனைக்கு நான் வைத்திருந்த தெருப்பெயர்கள் எல்லாமே சிறியவை.

பச்சைத்திரை:
அப்படியானால் காரணம் ஆட்டோஸ்கிப்.

3270 முனையத்தை ஐபிஎம் 1971-இல் கொண்டுவந்தது. அது படிவம் போல வேலை செய்யும். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் உடனே மெயின்பிரேமுக்குப் போவதில்லை. முனையத்திலேயே நிரம்பி, என்டரோ பிஎஃப் விசையோ (பிஎஃப்3 போன்ற எண்ணிட்ட கட்டளை விசை) அழுத்தும்போதுதான் மொத்தமாகப் போகும். அதுவரை கர்சர் எங்கே நகர வேண்டும் என்பதை முனையமே முடிவு செய்கிறது. காத்திருப்பை எவ்வளவு கூட்டினாலும் பலன் இல்லாமல் போனது அதனால்தான். தவறு நடக்கும் நொடியில் மெயின்பிரேமுக்கு அதில் பங்கே இல்லை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால், அந்தக் கட்டம் எந்த வகை என்று சொல்லும் ஒரு பண்பு பைட் இருக்கிறது. திரையில் வெற்றிடமாகத் தெரியும், ஆனால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தெருக் கட்டத்தின் 30-ஆவது எழுத்தை அடித்ததும் கர்சர் அடுத்த பண்பு பைட்டைச் சந்திக்கிறது. அது 'தாவிச் செல்' என்ற வகையாக இருந்தால், அடுத்து எழுதக்கூடிய கட்டத்துக்குக் கர்சர் தானாகத் தாவிவிடும். உங்கள் திரையில் அது ஊர்க் கட்டம். அங்கே நிற்கும்போது ரோபோ மனப்பாடமாக டேப் அழுத்துகிறது. கர்சர் குறிப்புக் கட்டத்துக்குப் போகிறது. ஊர்ப்பெயர் அங்கே விழுகிறது. குறிப்பில் எந்த எழுத்தும் செல்லும் என்பதால் மெயின்பிரேம் மறுக்கவில்லை, வெற்றிச் செய்தியும் அனுப்பிவிட்டது.

29 எழுத்துப் பெயர் ஒன்றையும் 30 எழுத்துப் பெயர் ஒன்றையும் கையால் அடித்துப் பாருங்கள். கண்ணால் காண்பீர்கள்.

நிரல்தேனீ:
கண்டேன் ஐயா. 30-ஆவது எழுத்தில் கர்சர் தாவுகிறது. மிக்க நன்றி. ஆனால் ஒரு குழப்பம் மீதியிருக்கிறது. இதே ரோபோ தொலைபேசித் திரையிலும் இப்படித்தான் அடித்து, டேப் அழுத்துகிறது. அங்கே எண் எப்போதும் கட்டத்தை முழுவதும் நிரப்பும். ஆனாலும் ஒரு தவறும் இல்லையே?

பச்சைத்திரை:
நல்ல கேள்வி. அந்தத் திரையை எழுதியவர், எண்ணுக்குப் பின்னால் வெறும் பாதுகாக்கப்பட்ட (எதுவும் எழுத முடியாத) கட்டத்தை வைத்திருப்பார். பாதுகாப்பு மட்டும் இருந்தால் கர்சர் தாவாது. அந்தக் கட்டத்தின் முதல் இடத்தில் போய் நிற்கும். அங்கிருந்து டேப் அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குச் சரியாகப் போகும். பிஎம்எஸ் மேப்பில், அதாவது சிஐசிஎஸ் திரையின் கட்டங்களை வரையறுக்கும் கோப்பில், தாவும் வகை 'ஏஸ்கிப்' என்றும் வெறும் பாதுகாப்பு 'ப்ராட்' என்றும் எழுதப்பட்டிருக்கும். ஒரே செயலியில் இரண்டும் கலந்து கிடக்கும். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கைகள் எழுதியவை அவை. எனவே ரோபோவில் டேப்பை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடத்தைச் சொல்லி எழுதுங்கள். 40-ஆம் செயற்பாடு கர்சரை இடத்தில் வைக்கும். அதைவிட நல்லது 33. அது கொடுத்த சரத்தை நேரே கட்டத்தில் வைக்கும், தாவலும் இல்லை. இட எண்ணுக்கு, வரியில் 1 கழித்து, 80 ஆல் பெருக்கி, நெடுவரிசையைக் கூட்டுங்கள்.

மெயின்பிரேம் குழுவிடம் மேப்பைக் கேட்டு வாங்குங்கள். திரையில் எண்ணி எண்ணி எடுப்பதைவிட அது நம்பகமானது.

நிரல்தேனீ:
மேப் கிடைத்தது. தெருக் கட்டம் 7-ஆவது வரி, 19-ஆவது நெடுவரிசை என்று இருக்கிறது. 6 × 80 + 19 = 499. கர்சரை 499-இல் வைத்து அடித்தால் உடனே பூட்டிக்கொள்கிறது. கீழே எக்ஸ் குறியும், அம்புகளுக்கு நடுவே சிறிய மனித உருவமும் வருகின்றன. என்ன தவறு செய்தேன்?

இரவுப்பணி:
இதில் நானும் ஒரு நாள் முழுவதும் இழந்திருக்கிறேன். பிஎம்எஸ் மேப்பில் எழுதியிருப்பது பண்பு பைட்டின் இடம். எழுத்து தொடங்குவது அதற்கு அடுத்த இடத்தில். உங்கள் கட்டம் 500-இல் தொடங்கி 529-இல் முடிகிறது. பண்பு பைட்டின் மேல் எதுவும் எழுத முடியாது. வேறு இடத்துக்குப் போ என்று அந்த மனித உருவம் சொல்கிறது. ரீசெட் விசை பூட்டைத் திறக்கும். ஆனால் ரோபோவில் ரீசெட்டைத் தானாக அழுத்தும்படி எழுதிவிடாதீர்கள். இந்தப் பூட்டு வந்தால் ரோபோ நின்று, அந்தப் பாலிசியை ஒரு மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பச்சைத்திரை:
சரியாகச் சொன்னார். இன்னும் சில சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றில் ஒன்று அடுத்த மாதம் உங்களிடம் வந்து நிற்கும்.

பழைய தெருப்பெயர் நீளமாகவும் புதியது சிறியதாகவும் இருந்தால், பழையதன் வால் அப்படியே நிற்கும். 33 பயன்படுத்தும்போது சரத்தை 30 எழுத்துக்கு வெற்றிடம் நிரப்பிக் கொடுங்கள். விசையழுத்தமாக அனுப்புகிறீர்கள் என்றால் வெற்றிடம் நிரப்பாதீர்கள், ஒவ்வொரு முறையும் கர்சர் தாவும். எரேஸ் இஓஎஃப் விசையால் மீதியை அழியுங்கள்.

என்டருக்குப் பிறகு பதில் வராமல் நேரம் கடந்துவிட்டால் மறுபடி என்டர் அழுத்தாதீர்கள். முதல் என்டர் போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. முகவரியில் இரண்டு முறை பதிந்தால் பெரிய கேடில்லை. பணம் செலுத்தும் திரையில் அது இரட்டைப் பற்று. விசாரணைத் திரைக்குப் போய், நடந்ததா என்று பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள். எமுலேட்டரில் முன்கூட்டி அடிப்பதைச் சேமித்துவைக்கும் வசதி இருந்தால் ரோபோவுக்கு அதை அணைத்துவிடுங்கள். பூட்டியிருக்கும்போது அடித்த என்டர், திறந்ததும் வேறு திரையில் போய் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 24-ஆவது வரி. அந்தச் செய்தி 'நீ அனுப்பியதைப் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் சொல்கிறது; நீங்கள் அனுப்ப நினைத்ததும் அதுவும் ஒன்றா என்று அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, திரையின் ஒரு பகுதியை மட்டும் மெயின்பிரேம் புதுப்பித்தால், முந்தைய பாலிசியின் வெற்றிச் செய்தியே அங்கே நின்றுகொண்டிருக்கும். ரோபோ அதைப் படித்து ஏமாறும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் பிஎஃப்3 அழுத்தி வெளியே வந்து, அதே பாலிசியை மீண்டும் வரவழைத்து, தெரு, ஊர், குறிப்பு மூன்றையும் படித்து எக்செலோடு ஒப்பிடுங்கள். மாற்றக்கூடாத கட்டம் மாறவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் 23-உம் அங்கேதான் பிடிபட்டிருக்கும். பதிவுக்குச் சில நொடி கூடும். அந்த நொடிகளைக் குறைக்கச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சோதனைக்காரி:
இந்த வேலைக்குத் திரையே தேவையில்லாமல், சிஐசிஎஸ் நிரலை இணையச் சேவையாகத் திறந்து தரும்படி மெயின்பிரேம் குழுவைக் கேட்கலாம் அல்லவா?

பச்சைத்திரை:
கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நிரலில் திரை வேலையும் கணக்கு வேலையும் தனித்தனியாக இருந்தால் எளிது. பின்னிக் கிடந்தால் பல மாத வேலை. அதுவரை ரோபோ ஓடியாக வேண்டும் என்றால் மேலே சொன்னபடி ஓடட்டும்.

நிரல்தேனீ:
முடிந்ததைச் சொல்ல வந்தேன். டேப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ரோபோ எழுதும் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் இட எண் கொடுத்து 33-ஆல் எழுதுகிறேன். 28, 29, 30, 31 எழுத்துத் தெருப்பெயர்களைச் சோதனைத் தரவில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டேன். 23 பாலிசிகளையும் இன்று காலை இரண்டு பேர் உட்கார்ந்து கையால் திருத்தினோம். 'குறிப்பு' கட்டத்தில் விழுந்த ஊர்ப்பெயர்களையும் அழித்தோம். அவற்றில் இரண்டில், அந்தக் கட்டத்தில் முன்பு யாரோ எழுதிவைத்த குறிப்பின் மேல் ஊர்ப்பெயர் ஏறியிருந்தது. பழைய காப்பிலிருந்து அவ்விரண்டு குறிப்புகளையும் மீட்டுத் தர மெயின்பிரேம் குழுவினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவை கிடைக்கும் வரை ரோபோவை உண்மையான தரவில் ஓட்டப் போவதில்லை.

தெருப்பெயர் 30 எழுத்தைத் தாண்டினால் வெட்டுவதையும் நிறுத்திவிட்டேன். அந்த வரிகள் இனி ஒரு மனிதரின் மேசைக்குப் போகும்; எதைச் சுருக்கலாம் என்று அவர் பார்த்துச் சொல்வார்.